டி.என்.எஸ். எண்ணை ஒவ்வொரு சிஸ்டத்திலும் எழுத வேண்டாம், தம்பி

தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் 22 சிஸ்டம் இருக்கின்றன. போன மாதம் நெட் கம்பெனியை மாற்றினார். மறுநாள் காலையில் 14 சிஸ்டத்தில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை, மீதி 8 நன்றாக ஓடின. லைன் போட வந்தவர் புது டி.என்.எஸ். எண்களை (பக்கத்தின் பெயருக்கு உரிய எண்ணைச் சொல்லும் நேம் சர்வர்களின் முகவரிகளை) ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, "எல்லா சிஸ்டத்துலயும் இத மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தம்பி அரை நாள் உட்கார்ந்து மாற்றினார். அப்புறமும் சில நாள் ஒன்றிரண்டு சிஸ்டம் நெட் இல்லாமல் எழுந்திருக்கிறது. ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிறது. "அக்கா, இந்த எண்களைச் சிஸ்டம் தானாகவே வாங்கிக்கொள்ள வழி இல்லையா? பிள்ளைகள் கொண்டுவரும் லேப்டாப், போனுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்பது கேள்வி.

வழி இருக்கிறது தம்பி. உங்கள் சென்டரில் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டும் இருக்கிறது. அன்று காலை நன்றாக ஓடிய அந்த 8 சிஸ்டமும் அதை நம்பி இருந்தவைதான். கெட்டுப்போன 14-இல் யாரோ எப்போதோ கையால் எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். அன்று செய்திருக்க வேண்டியது அந்த 14-இலிருந்தும் எண்ணை அழிப்பதுதான். நீங்கள் 22-லும் எழுதிவிட்டீர்கள். அடுத்த முறை கம்பெனி மாறும்போது 22-ம் நிற்கும்.

பழைய எண் ஏன் நின்றுபோனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நெட் கம்பெனிகள் நடத்தும் நேம் சர்வர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த வாடிக்கையாளருக்கு மட்டுமே பதில் சொல்லும். ஊரில் யார் கேட்டாலும் பதில் சொன்னால் அதை வைத்து வேறொருவர் மேல் தாக்குதல் நடத்த முடியும் என்பதால் அப்படி அடைத்து வைத்திருப்பார்கள். நீங்கள் கம்பெனி மாறியதும் பழைய கம்பெனியின் கண்ணுக்கு நீங்கள் வெளியாள். லைன் நன்றாக இருக்கும், விளக்கு எரியும், கூகுள் நடத்தும் 8.8.8.8 என்ற எண்ணைப் பிங் செய்தால் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்த்தால்) பதில் வரும். பெயரைப் போட்டால் மட்டும் எதுவும் திறக்காது. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் முதல் சந்தேகம் டி.என்.எஸ். மேல்தான் இருக்க வேண்டும்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்த பிறகு ஒரு வாரம் எனக்கு இதே வேலைதான். மண்ணடி, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை எங்கும் மரம் விழுந்து ஃபைபர் அறுந்து கிடந்தது. கிளியரிங் ஆபீஸ்காரர்களுக்குச் சரக்கு துறைமுகத்தில் நிற்கிறது, பேப்பர் ஆன்லைனில் போட்டாக வேண்டும். எல்லோரும் டோங்கிள் வாங்கி ரவுட்டரில் சொருகினார்கள். கையால் டி.என்.எஸ். எழுதி வைத்திருந்த ஆபீஸ்களில் டோங்கிள் போட்டும் பயனில்லை. நான் ஒவ்வொரு மாடியாக ஏறி, ஒவ்வொரு சிஸ்டமாக எண்ணை அழித்தேன். தானாக வாங்கும்படி விட்டிருந்த ஆபீஸ்கள் எனக்குப் போன்கூடப் போடவில்லை. அந்த வாரத்துக்கு அப்புறம் நான் எந்தச் சிஸ்டத்திலும் இந்த எண்ணைக் கையால் எழுதியதில்லை.

சரி, தானாக வருவது எப்படி?

சிஸ்டம் ஆன் ஆனதும் அதற்குத் தன் முகவரி தெரியாது, யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. அதனால் லேனில், அதாவது சென்டருக்குள் இருக்கும் நெட்வொர்க்கில், இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கும்: "முகவரி தருகிறவர் யாராவது இருக்கிறீர்களா?" முகவரி தரும் வேலையை எடுத்துக்கொண்ட பெட்டி, உங்கள் இடத்தில் அது ரவுட்டர், "இந்தா, இந்த எண் உனக்கு" என்று ஒன்றை நீட்டும். "சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்று சிஸ்டம் சொல்லும். "எடுத்துக்கொள், இத்தனை மணி நேரத்துக்கு" என்று ரவுட்டர் முடிக்கும். நான்கே பேச்சு. இதற்குப் பெயர்தான் டி.எச்.சி.பி. 1993-இல் முதலில் வந்து, 1997-இல் இன்றைய வடிவத்துக்கு வந்தது. அதற்கு முன் 1985-இலிருந்தே பூட்பி என்று ஒன்று இருந்தது. டி.எச்.சி.பி. அதே உடலில் வளர்ந்தது. இன்றும் அதே 67, 68 என்ற போர்ட் எண்களில்தான் பேசுகிறது.

முகவரியோடு வேறு சில தகவல்களும் அதே உறையில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆப்ஷன் எண் உண்டு. வெளியே போகும் வாசல் எது என்பது 3. நேம் சர்வர் யார் என்பது 6. இந்த லேனின் டொமைன் பெயர் 15. எவ்வளவு நேரத்துக்கு இந்த வாடகை என்பது 51. என்னென்ன வேண்டும் என்று சிஸ்டமே பட்டியல் போட்டுக் கேட்கும், அந்தப் பட்டியலின் எண் 55. உங்கள் கேள்விக்கான பதில் முழுவதும் அந்த ஆப்ஷன் 6-க்குள்தான் இருக்கிறது. ரவுட்டரில் ஒரு இடத்தில் அதைச் சரியாக வைத்தால் 22 சிஸ்டமும் பிள்ளைகளின் லேப்டாப்பும் போனும் அதையே எடுத்துக்கொள்ளும்.

ஆனால் ஒன்று. ரவுட்டர் சொல்வது யோசனைதான், கட்டளை கிடையாது. கடைசி முடிவு சிஸ்டத்தின் கையில். விண்டோஸில் நெட்வொர்க் கார்டின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து பாருங்கள். ஐ.பி. முகவரியைத் தானாக வாங்கு என்று ஒரு பொத்தான், அதற்குக் கீழே டி.என்.எஸ். முகவரியைத் தானாக வாங்கு என்று இன்னொரு பொத்தான். இரண்டும் தனித்தனி. மேலே தானாக, கீழே கையால் என்று வைக்க முடியும். உங்கள் 14 சிஸ்டமும் அப்படித்தான் இருந்திருக்கும். ஐ.பி. தானாக வந்திருக்கிறதே என்று பார்த்துவிட்டு எல்லாம் தானாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். எங்கள் வேலையில் இருப்பவர்களே இதில் ஏமாறுவார்கள்.

22 சிஸ்டத்திலும் மவுஸால் போய் மாற்ற வேண்டாம். விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, செட்-டிஎன்எஸ்கிளையன்ட்சர்வர்அட்ரஸ் என்ற கட்டளையில் கார்டின் பெயரைக் கொடுத்து ரீசெட்சர்வர்அட்ரசஸ் என்ற சொல்லைச் சேர்த்தால் கையால் எழுதியது அழிந்து தானாக வாங்கும் நிலைக்குப் போய்விடும். பென்டிரைவில் ஒரு சின்ன ஃபைலாக எழுதி வைத்துக்கொண்டால் சிஸ்டத்துக்கு அரை நிமிடம். வைஃபை கார்டும் இருக்கும் சிஸ்டத்தில் இரண்டு கார்டுக்கும் செய்யுங்கள்.

கையால் எழுதியது போல இருக்கும் எண் யார் எழுதியது என்பதையும் பாருங்கள். 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஒரு கும்பலைப் பிடித்தது. அவர்களின் வைரஸ் செய்த வேலை இதுதான்: சிஸ்டத்தின் டி.என்.எஸ். எண்ணை மாற்றித் தங்கள் சர்வரைக் காட்டி வைப்பது. வங்கிப் பெயரைப் போட்டாலும் எங்கே போவது என்று அவர்கள் முடிவு செய்வார்கள். 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் சிஸ்டங்களில் அது புகுந்திருந்தது. சர்வரை உடனே நிறுத்தினால் அத்தனை பேருக்கும் நெட் நின்றுவிடும் என்று, நீதிமன்ற அனுமதியோடு நல்ல சர்வர்களை அதே எண்களில் ஓடவிட்டு, 2012 ஜூலை 9-ஆம் தேதிதான் நிறுத்தினார்கள். அந்த வாரம் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையின் கணக்கு சிஸ்டத்தைப் பார்க்கப் போனேன். நெட் இல்லை என்று கூப்பிட்டார்கள். டி.என்.எஸ். கட்டத்தில் அந்தக் கடையில் யாரும் எழுதாத இரண்டு எண்கள் இருந்தன. அந்த வைரஸ் சில ரவுட்டர்களுக்குள்ளும் போய், ரவுட்டர் தானாகக் கொடுக்கும் எண்ணையே மாற்றும். தானாக வாங்குவது நல்ல ஏற்பாடு. அதைக் கொடுக்கும் பெட்டி பத்திரமாக இருக்க வேண்டும். ரவுட்டருக்குப் பெட்டியில் வந்த பாஸ்வேர்டையே வைத்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள், தம்பி. பிள்ளைகள் உட்காரும் இடம் அது.

அடுத்து, ஆப்ஷன் 6-இல் எந்த எண்ணைக் கொடுப்பது? பலர் கம்பெனி கொடுத்த எண்ணையோ 8.8.8.8 போன்ற பொது எண்ணையோ அங்கே போடுவார்கள். என் கருத்து வேறு. உங்கள் அளவுள்ள இடத்தில் ரவுட்டரின் சொந்த லேன் முகவரியையே டி.என்.எஸ்.ஸாகக் கொடுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டாலே அப்படித்தான் செய்யும். சிஸ்டம் ரவுட்டரைக் கேட்கும், ரவுட்டர் வெளியே கேட்டு வந்து சொல்லும், கேட்டதைக் கொஞ்ச நேரம் நினைவிலும் வைத்திருக்கும். ரவுட்டர் வெளியே யாரைக் கேட்பது என்பதும் தானாகவே வரும். பி.பி.பி.ஓ.இ. கனெக்ஷன் என்றால் யூசர்நேம், பாஸ்வேர்டு சரிபார்த்து இணைப்பு எழும்போதே கம்பெனியின் பக்கத்திலிருந்து நேம் சர்வர் எண்களும் கூடவே வந்துவிடும். அந்த ஏற்பாடு 1995-இலேயே எழுதப்பட்டது. நம் ஊரில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட அதே வருடம். அந்த டயல்-அப் காலத்து வழக்கம்தான், எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது. இன்றைக்கும் லைன்காரர்கள் அதை விடவில்லை.

இப்படி வைத்தால் கம்பெனி மாறும் நாளில் உள்ளே எதுவும் மாறாது. சிஸ்டங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ரவுட்டரின் எண், அது உங்கள் சொந்த எண். இன்னொரு லாபமும் உண்டு: பிரின்டருக்கும் தேர்வு நடத்தும் சிஸ்டத்துக்கும் பெயர் வைத்துக்கொள்ளலாம். பொது நேம் சர்வருக்கு உங்கள் பிரின்டரின் பெயர் தெரியாது, உங்கள் ரவுட்டருக்குத் தெரியும்.

விலை குறைந்த ரவுட்டர் சிலவற்றில் இந்த வேலை திணறும். 22 சிஸ்டமும் ஒரே நேரத்தில் பக்கம் திறந்தால் பெயர் கேட்டுப் பதில் வரத் தாமதமாகும். அப்படியானால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் நல்ல ரவுட்டர் ஒன்று வாங்குவது ஒரு வழி. பழைய சிஸ்டம் ஒன்றிலோ ராஸ்பெரி பையிலோ லினக்ஸ் போட்டு டி.என்.எஸ்.மாஸ்க் என்ற இலவச மென்பொருளை ஓட்டுவது இன்னொரு வழி. முகவரி கொடுப்பது, பெயர் சொல்வது இரண்டையும் அதுவே செய்யும். பல ரவுட்டர்களுக்குள்ளேயே ஓடுவதும் அதுதான். ராஸ்பெரி பை வைத்தால் யு.பி.எஸ்.ஸில் வையுங்கள். நம் பக்கம் கரண்ட் சட்டென்று போய் வரும்போது மெமரி கார்டு கெட்டுப்போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முகவரி கொடுக்கும் பெட்டி விழுந்தால் சென்டரே விழும்.

இரண்டாவது டி.என்.எஸ். என்ற கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இதில்தான் தவறு அதிகம். முதலாவதற்குத் தெரியாததை இரண்டாவதிடம் சிஸ்டம் கேட்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதல் சர்வர் "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று சொன்னால் அதுவும் பதில்தான், சிஸ்டம் அதோடு நிறுத்திக்கொள்ளும். முதலாவது பேசாமலே இருந்தாலோ, என்னால் பதில் சொல்ல முடியாது என்று கைவிரித்தாலோதான் இரண்டாவதிடம் போகும். லினக்ஸில் வழக்கமாக 5 விநாடி காத்திருந்து அடுத்ததைக் கேட்கும், மூன்று சர்வருக்கு மேல் எழுதினாலும் பார்க்காது. விண்டோஸ் ஒருமுறை இரண்டாவதற்குப் போய்விட்டால் அதையே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு இருக்கவும் கூடும். அதனால் முதலாவதாக உள்ளூர் சர்வர், இரண்டாவதாக 8.8.8.8 என்று கலந்து கொடுத்தால், ஒரு நாள் பிரின்டர் பெயர் கிடைக்கும், ஒரு நாள் கிடைக்காது. காரணம் கண்டுபிடிப்பதற்குள் அலுத்துவிடும். இரண்டு எண் கொடுப்பதென்றால் இரண்டும் ஒரே பதிலைச் சொல்பவையாக இருக்க வேண்டும். அப்படி இரண்டு இல்லையென்றால் ஒன்று போதும். விண்டோஸ் சர்வரில் டொமைன் வைத்து எல்லோரும் அதில் லாகின் செய்யும் ஆபீஸ் என்றால் இது இன்னும் கண்டிப்பு: அந்த டொமைன் கன்ட்ரோலரைத் தவிர வேறு எதையும் சிஸ்டங்களுக்கு டி.என்.எஸ்.ஸாகக் கொடுக்கக் கூடாது.

இப்போது நீங்கள் போகிறபோக்கில் சொன்ன இரண்டாவது விஷயம்: சில நாள் ஒன்றிரண்டு சிஸ்டம் கெட்டு எழுந்து, மறுபடி ஆன் செய்தால் சரியாவது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. உங்கள் லேனில் முகவரி கொடுப்பவர் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். சிஸ்டம் குரல் கொடுக்கும்போது யார் முதலில் நீட்டுகிறாரோ அவரிடம்தான் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். ஒரு நாள் இவர் முந்துவார், ஒரு நாள் அவர்.

மண்ணடியில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் இதற்காக இரண்டு நாள் அலைந்திருக்கிறேன். காலையில் பாதிப் பேருக்கு நெட் இருக்காது, மதியம் வேறு பாதி. எல்லா கேபிளும் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள். கடற்காற்றில் கேபிளின் ஆர்.ஜே.45 முனைகள் பச்சை பூத்துப்போவது நம் பக்கம் வழக்கம் என்பதால் நானும் முதல் நாள் முழுக்க முனைகளையே கிரிம்ப் செய்துகொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், மேல் மாடியில் போனுக்கு வைஃபை எட்டவில்லை என்று ஒருவர் வீட்டிலிருந்து பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து, அதன் லேன் போர்ட்டிலேயே ஆபீஸ் கேபிளைச் சொருகி வைத்திருந்தார். அந்தப் பெட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, கேட்டவருக்கெல்லாம் முகவரி கொடுத்தது. அதற்கு வெளியே போக வாசல் கிடையாது, அவ்வளவுதான்.

உங்கள் இடத்தில் நான் சந்தேகப்படுவது, புதுக் கம்பெனி வைத்துவிட்டுப் போன ஃபைபர் பெட்டியும் உங்கள் பழைய வைஃபை ரவுட்டரும் ஒரே ஸ்விட்சில் இருப்பதை. கம்பெனிப் பெட்டி வெறுமனே ஃபைபரைக் கேபிளாக மாற்றும் பெட்டி என்று நினைப்போம். பெரும்பாலும் அதற்குள்ளேயே ஒரு ரவுட்டரும் முகவரி கொடுக்கும் வேலையும் சேர்ந்தே வரும்.

கண்டுபிடிப்பது எளிது. கெட்டு எழுந்த சிஸ்டத்தை உடனே ஆஃப் செய்யாதீர்கள். கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் என்று அடித்து ஒரு சாய்கோடு போட்டு ஆல் என்று சேருங்கள். டி.எச்.சி.பி. சர்வர் என்ற வரியில் ஓர் எண் இருக்கும். நன்றாக ஓடும் சிஸ்டத்திலும் அதையே செய்யுங்கள். இரண்டு எண்ணும் வேறு வேறு என்றால் ஆள் அகப்பட்டுவிட்டார். அதே சிஸ்டத்தில் ஏ.ஆர்.பி. கட்டளை போட்டால் அந்த எண்ணுக்குரிய பெட்டியின் மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் அதைச் செய்தவர் வைக்கும் தனி எண்) கிடைக்கும். அதன் முதல் ஆறு எழுத்துகள் எந்தக் கம்பெனி செய்த பெட்டி என்று சொல்லும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏற்பாடு இப்படி இருக்கட்டும். கம்பெனிப் பெட்டியின் லேன் போர்ட் ஒன்றிலிருந்து உங்கள் ரவுட்டரின் வேன் போர்ட்டுக்கு (வெளி இணைப்புக்கான துளைக்கு) கேபிள் போக வேண்டும், வேறு எதற்கும் போகக் கூடாது. ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து ஸ்விட்சுக்கு. உள் லேனுக்கு 192.168.50 என்று தொடங்கும் எண் வரிசை வையுங்கள். பெட்டிகளோடு வரும் 192.168.0, 192.168.1 வரிசைகள் எல்லோரிடமும் இருப்பதால் குழப்பம் வரும். கூடுதல் வைஃபை பெட்டி இருந்தால் அதன் டி.எச்.சி.பி.யை அணைத்து, அதற்கு உங்கள் வரிசையில் தனி எண் கொடுத்து, லேனிலிருந்து லேனுக்குச் சொருகுங்கள். பிற்காலத்தில் ஸ்விட்ச் மாற்றும்போது டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் உள்ள மேனேஜ்டு ஸ்விட்சாக வாங்குங்கள். ரவுட்டர் இருக்கும் போர்ட்டைத் தவிர வேறு எந்தப் போர்ட்டிலிருந்து முகவரி நீட்டினாலும் அது தடுத்துவிடும். பிள்ளைகள் எதைக் கொண்டுவந்து சொருகினாலும் கவலை இல்லை.

பிரின்டர், தேர்வு சிஸ்டம் போன்றவற்றுக்கு எண் மாறக் கூடாது என்று கையால் ஐ.பி. எழுதி வைத்திருப்பீர்கள். அதையும் அழித்துவிட்டு ரவுட்டரில் ரிசர்வேஷன் போடுங்கள். இந்த மேக் முகவரி வந்து கேட்டால் எப்போதும் இந்த எண்ணையே கொடு என்று ரவுட்டரிடம் சொல்லி வைப்பதுதான் அது. எண்ணும் மாறாது, டி.என்.எஸ்.ஸும் தானாக வரும்.

ஐ.பி. வி6 என்ற புது வகை முகவரி பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் உங்கள் புதுக் கனெக்ஷனில் அது ஏற்கெனவே வந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அதில் டி.என்.எஸ். எண் வர இரண்டு வழி உண்டு. டி.எச்.சி.பி. வி6 ஒரு வழி, 2003-இல் அதற்கான ஆப்ஷன் வந்தது, எண் 23. மற்றது, ரவுட்டர் அவ்வப்போது லேன் முழுவதும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று அறிவிக்குமே, அந்த அறிவிப்பிலேயே நேம் சர்வர் எண்ணையும் சேர்த்துவிடுவது. அது 2007-இல் சோதனையாகத் தொடங்கி, 2010-இல் தரமாகி, 2017-இல் திருத்தி எழுதப்பட்டது. இரண்டு வழி இருப்பதால் வரும் சிக்கல்: ஆண்ட்ராய்டு போன்கள் நெடுங்காலமாக டி.எச்.சி.பி. வி6 வழியாக டி.என்.எஸ். வாங்குவதில்லை, அறிவிப்பை மட்டும்தான் கேட்கும். விண்டோஸ் அறிவிப்பிலிருந்து வாங்கக் கற்றுக்கொண்டது 2017-இல், விண்டோஸ் 10-இன் ஒரு பதிப்பில். அதனால் ரவுட்டரில் இரண்டையும் ஆன் செய்து, இரண்டிலும் ஒரே எண் போகும்படி வையுங்கள்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நீங்கள் இதுவரை சொன்ன பழைய வகையான வி4-இல் எவ்வளவு ஒழுங்காக வைத்தாலும், வி6 வழியாகக் கம்பெனியின் நேம் சர்வர் எண் நேராகச் சிஸ்டத்துக்குப் போய்விட்டால் சிஸ்டம் பெரும்பாலும் அதைத்தான் முதலில் கேட்கும். உங்கள் பிரின்டர் பெயரும் போகும், பிள்ளைகளுக்காக வைத்த வடிகட்டலும் போகும். அங்கேயும் ரவுட்டர் தன்னையே டி.என்.எஸ்.ஸாக அறிவிக்கும்படி வையுங்கள். எஃப்.இ.80 என்று தொடங்கும் தன் லேன் முகவரியை அது அறிவித்தால் போதும், கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது.

வடிகட்டல் என்றேன் அல்லவா, பள்ளிப் பிள்ளைகள் வரும் சென்டர் என்பதால் இதையும் செய்துவிடுங்கள். ரவுட்டர் வெளியே யாரைக் கேட்க வேண்டும் என்ற இடத்தில் கம்பெனி எண்ணுக்குப் பதில் 1.1.1.3 என்ற எண்ணையும் அதன் இணையான 1.0.0.3 என்பதையும் போடலாம். கிளவுட்ஃப்ளேர் 2020 ஏப்ரலிலிருந்து குடும்பங்களுக்காக நடத்தும் சேவை, ஆபாசப் பக்கங்களுக்கும் வைரஸ் பக்கங்களுக்கும் வழி சொல்லாது. ஓப்பன் டி.என்.எஸ். கூட இப்படி ஒன்று வைத்திருக்கிறது. ரவுட்டரில் ஒரே இடத்தில் போட்டால் 22 சிஸ்டத்துக்கும் வந்துவிடும். தெரிந்த பிள்ளைகள் சிஸ்டத்தில் வேறு எண் எழுதித் தப்பிப்பார்கள். ரவுட்டரில், டி.என்.எஸ். பேசும் 53-ஆம் போர்ட்டில் வெளியே போகும் கேள்விகளை எல்லாம் தன்னிடமே திருப்பும்படி வைத்தால் அந்த வழி அடைபடும். ஆண்ட்ராய்டு 9-இலிருந்து போனில் இருக்கும் பிரைவேட் டி.என்.எஸ்.ஸும், பிரவுசருக்குள் இருக்கும் செக்யூர் டி.என்.எஸ்.ஸும் மறைத்துப் பேசுவதால் இதில் அகப்படாது. சென்டர் சிஸ்டங்களில் பிரவுசரின் அந்த வசதியை அணைத்து வையுங்கள். பிள்ளைகளின் சொந்தப் போனில் கை வைக்க வேண்டாம்.

பிள்ளைகளின் லேப்டாப்பில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கையால் எழுதிய எண் இருந்தால் அவர்களிடம் சொல்லி அழிக்கச் சொல்லுங்கள். ரயில் நிலையம், கல்லூரி போன்ற இடங்களில் வைஃபை சேர்ந்ததும் லாகின் பக்கம் வர வேண்டும். டி.என்.எஸ். கையால் எழுதியிருந்தால் அந்தப் பக்கமே வராமல் போகலாம்.

அரசு கொடுத்த பழைய லேப்டாப்களில் பாஸ் லினக்ஸும் இருக்கும். அதிலோ வேறு லினக்ஸிலோ நேம் சர்வர் எண் இருக்கும் ரிசால்வ் டாட் கான்ஃப் ஃபைலைத் திருத்தி எண் எழுதச் சொல்லும் பாடங்கள் நிறைய. அந்த ஃபைலை இன்று எழுதுவது நெட்வொர்க் மேனேஜரோ சிஸ்டம்டி-ரிசால்வ்டோதான். நீங்கள் எழுதியது அடுத்த முறை நெட் சேரும்போது அழிந்துவிடும். அழியக் கூடாது என்று ஃபைலுக்குப் பூட்டுப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. அப்படிப் பூட்டிய லேப்டாப் வேறு ஊருக்குப் போனதும் நெட் இல்லாமல் நிற்கும். ஃபைலுக்குள் 127.0.0.53 என்று மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், அது லேப்டாப்புக்குள்ளேயே ஓடும் சின்ன நேம் சர்வர். உண்மையான எண்ணை ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்று கேட்டால் சொல்லும்.

வேலையை ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள், ஆனால் வெள்ளிக்கிழமையே ரவுட்டரில் வாடகை நேரத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள். சிஸ்டம் பாதி நேரம் கழிந்ததும் ரவுட்டரிடம் வந்து புதுப்பித்துக்கொள்ளும், அப்போதுதான் மாறிய தகவலும் அதற்குப் போகும். நேரம் 24 மணி என்று இருந்தால் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்துக்கு விஷயம் தெரியவே 12 மணி நேரம் ஆகலாம். எல்லாம் ஒழுங்கான பிறகு திரும்ப 8 மணி நேரம் போல வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு அன்று முதலில் பெட்டிகளின் கேபிள்களைச் சரி செய்து, அப்புறம் ரவுட்டர், கடைசியில் சிஸ்டங்களில் எண் அழிப்பது என்ற வரிசையில் போங்கள். முதலிலேயே சிஸ்டத்தில் அழித்தால் அது அந்த இரண்டாவது ஆளிடம் போய் வாங்கிக்கொள்ளும்.

திங்கட்கிழமை காலை எல்லா சிஸ்டமும் எழுந்ததும் நான்கைந்தில் அந்த டி.எச்.சி.பி. சர்வர் வரியையும் டி.என்.எஸ். வரியையும் பாருங்கள். இரண்டிலும் உங்கள் ரவுட்டரின் எண் இருக்க வேண்டும், டி.என்.எஸ். வரியில் கூடவே எஃப்.இ.80 முகவரி இருந்தாலும் சரிதான். வேறு எண் ஏதாவது தெரிந்தால் அதையும் அந்தப் பெட்டியின் மேக் முகவரியின் முதல் ஆறு எழுத்துகளையும் எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.